பதவியேற்ற முதலாண்டில் அமெரிக்க அதிபர் சோவியத் ஒன்றியத்தை எப்படி அணுகியிருக்க வேண்டும்?

கேள்வி – வைகை வாசகர்

எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் பனிப்போர்க் காலத்து அமெரிக்க–சோவியத் உறவைப் பற்றிக் கலந்துரையாட இருக்கிறோம். புதிதாகப் பதவியேற்கும் ஓர் அதிபர், தன் நாட்டையே அழித்துவிடக்கூடிய ஆயுதங்களை வைத்திருக்கும் போட்டி வல்லரசைத் தன் முதலாண்டில் எப்படி அணுக வேண்டும் என்பது தலைப்பு. நடந்து முடிந்தவற்றை வைத்துப் பேசினால்தான் பயன் இருக்கும் என்று கருதி, மூன்று அதிபர்களின் தொடக்க மாதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

1961 ஜனவரி 20 அன்று பதவியேற்ற ஜான் கென்னடி, ஐந்து மாதங்கள் முடிவதற்குள் வியன்னாவுக்குச் சென்று சோவியத் தலைவர் நிகிதா குருசேவைச் சந்தித்தார். ஜூன் 3, 4 ஆகிய இரண்டு நாள்கள் நடந்த அந்தச் சந்திப்பு கசப்பில் முடிந்தது. ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கியூபாவில் வைக்கப்பட்ட ஏவுகணைகளால் உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்புக்கே சென்றது. 1977இல் வந்த ஜிம்மி கார்ட்டர், வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸிடம் மிகப் பெரிய ஆயுதக் குறைப்புத் திட்டம் ஒன்றைக் கொடுத்து மார்ச் இறுதியில் மாஸ்கோவுக்கு அனுப்பினார். அன்றைய சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் அதை அங்கேயே நிராகரித்துவிட்டார். 1989இல் வந்த மூத்த ஜார்ஜ் புஷ், எட்டு ஆண்டுகள் துணை அதிபராக இருந்தவர் என்றபோதிலும், கொள்கையை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று கூறிப் பல மாதங்கள் எதுவும் செய்யாமல் இருந்தார். காலத்தை வீணாக்குகிறார் என்று அன்று அவரைப் பலரும் கடிந்துகொண்டார்கள். ஆனால் பனிப்போர் அவர் காலத்தில்தான் போரின்றி முடிந்தது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் "பொறுத்திருப்பவரே வெல்வார்" என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடலாம். ஆனால் புஷ்ஷுக்கு எதிரே இருந்தவர் கோர்பச்சேவ். கென்னடிக்கு எதிரே இருந்தவர் குருசேவ். எனவே காலத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பளிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. இந்த மூன்று தொடக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடு எதில் இருக்கிறது? நீங்கள் அந்த அதிபர்களுக்கு ஆலோசகராக இருந்திருந்தால் முதலில் எதைச் செய்யச் சொல்லியிருப்பீர்கள்? பின்னால் நமக்குத் தெரியவந்ததை விட்டுவிட்டு, அன்று அவர்களால் அறிந்திருக்கக்கூடியதை வைத்துச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1 – நொய்யல்

கென்னடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வியன்னாவில் நடந்ததைக் கென்னடியின் இளமைக்கும் அனுபவமின்மைக்கும் உரிய விலையாகவே பெரும்பாலோர் சொல்கிறார்கள். என் கருத்தில், அந்தச் சந்திப்பின் தோல்வி வியன்னாவில் நிகழவில்லை. ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் வாஷிங்டனில் நிகழ்ந்தது.

பதவியேற்பு நடந்த சில நாள்களில், அதாவது 1961 ஜனவரி இறுதியில், முந்தைய ஆண்டு ஜூலையில் பேரண்ட்ஸ் கடலின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க உளவு விமானத்தில் உயிர் தப்பிய இரண்டு விமானப்படையினரைக் குருசேவ் விடுதலை செய்தார். முந்தைய அதிபர் ஐசன்ஹோவர் ஆட்சியில் இருந்தவரை தராமல் வைத்திருந்து, புதிய அதிபரின் கையில் கொடுத்த பரிசு அது. தம்மோடு பேச விருப்பம் இருக்கிறதா என்று குருசேவ் விசாரிக்கிறார் என்பதை அறிய அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. கென்னடியும் சோவியத் வான்வெளியில் உளவு விமானங்கள் பறப்பது மீண்டும் தொடங்காது என்று அறிவித்தார். அதுவரை சரியாகவே சென்றது.

ஆனால் அதே மாதத்தில் கென்னடியின் கைக்கு இன்னொன்றும் வந்து சேர்ந்தது. ஜனவரி 6 அன்று குருசேவ் ஆற்றிய உரையில், விடுதலைப் போர்களுக்குச் சோவியத் ஒன்றியம் துணை நிற்கும் என்று முழங்கியிருந்தார். கென்னடி அந்த உரையைத் தம் அதிகாரிகள் அனைவரும் படிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். ஜனவரி 30 அன்று நாடாளுமன்றத்தில் ஆற்றிய முதல் உரையில், நாடு பேராபத்தை நெருங்கிக்கொண்டிருப்பதாகப் பேசினார். முந்தைய நவம்பரில் மாஸ்கோவில் 81 கம்யூனிஸ்ட் கட்சிகள் கூடியபோது, குருசேவ் மேற்குலகிடம் பணிந்துபோகிறார் என்று சீனர்கள் குற்றம் சாட்டியிருந்தார்கள். குருசேவின் ஜனவரி உரை பெருமளவுக்கு அந்தக் குற்றச்சாட்டுக்கான பதில். எதிராளி யாரை நோக்கிப் பேசுகிறார் என்று கேட்காமல் எல்லாப் பேச்சையும் தமக்கு விடுத்த அறைகூவலாக எடுத்துக்கொள்வது புதிய ஆட்சியாளர்களிடம் அடிக்கடி காணப்படும் குறை என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஏவுகணைகள். சோவியத் ஒன்றியம் ஏவுகணைகளில் அமெரிக்காவை முந்திவிட்டது என்று தேர்தல் மேடைகளில் கென்னடி பேசியிருந்தார். பதவியேற்ற இரண்டரை வாரங்களில் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா, அப்படியொரு பின்னடைவு இல்லை என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். வெள்ளை மாளிகை அதை அவசரமாக மறுத்தது. மார்ச் மாதத்தில் கென்னடி போலாரிஸ், மினிட்மேன் ஏவுகணைத் திட்டங்களை விரைவுபடுத்த நாடாளுமன்றத்திடம் பணம் கேட்டார். மாஸ்கோவிலிருந்து பார்ப்பவருக்கு இது எப்படித் தோன்றியிருக்கும்? தம்மிடம் இருப்பது சொற்பம் என்பது குருசேவுக்குத் தெரியும். ஏற்கெனவே முன்னிலையில் இருக்கும் நாடு மேலும் விரைகிறது என்றால், அதன் நோக்கம் தற்காப்பு அன்று என்றே எவரும் கணிப்பார்கள். தேர்தலில் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் செய்த செயல் எதிரணித் தலைநகரில் என்ன பொருள் தரும் என்று கேட்பதற்கு அன்று வெள்ளை மாளிகையில் ஆள் இல்லாமல் இல்லை. பிப்ரவரி 11 அன்று மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் லெவெலின் தாம்ப்சன், சார்லஸ் போலன், ஜார்ஜ் கெனன், அவெரல் ஹாரிமன் ஆகிய நால்வரையும் கென்னடி ஒன்றாக அழைத்துக் கருத்துக் கேட்டார். மாஸ்கோவை அவர்களைவிட நன்கு அறிந்த அமெரிக்கர் அன்று இருந்திருக்க முடியாது. அறிந்தவர்களின் சொல்லைக் கேட்டும், அதைப் படைச் செலவு, கியூபா போன்ற பிற முடிவுகளோடு அவர் இணைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சந்திக்கலாம் என்று கென்னடி பிப்ரவரி 22 தேதியிட்டு எழுதிய கடிதத்தைத் தாம்ப்சன் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் வரை கொண்டுபோய் மார்ச் 9 அன்று குருசேவிடம் நேரில் கொடுத்தார். அதற்குப் பதில் வருவதற்குள் இரண்டு நிகழ்வுகள் நடந்துவிட்டன. ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்று திரும்பினார். ஏப்ரல் 17 அன்று அமெரிக்க உளவுத்துறை பயிற்சி அளித்த சுமார் 1,400 கியூப அகதிகள் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் இறங்கி மூன்று நாள்களில் முறியடிக்கப்பட்டார்கள். சந்திப்புக்கு இசைவு தெரிவித்துக் குருசேவ் எழுதிய கடிதத்தின் தேதி மே 12. அப்போது அமெரிக்க அதிபர் தோற்ற நிலையில் இருந்தார். படையெடுப்பை முடிக்கும் துணிவும் இல்லாமல், தடுக்கும் துணிவும் இல்லாமல் இருந்தவர் என்று குருசேவ் அவரை எடைபோட்டிருந்தார்.

அந்த இடத்தில்தான் ஆலோசகராக நான் குறுக்கிட்டிருப்பேன். சந்திப்பை ரத்து செய்யச் சொல்லியிருக்க மாட்டேன். அது அச்சத்தைக் காட்டியிருக்கும். இலையுதிர் காலம் வரை தள்ளிவைத்து, இடைப்பட்ட மாதங்களில் தாம்ப்சனை வைத்து ஒரே ஒரு பொருளையாவது பேசி முடிக்கச் சொல்லியிருப்பேன். அணு ஆயுதச் சோதனைத் தடையோ, லாவோஸின் நடுநிலையோ, பெர்லினுக்கான போக்குவரத்தோ, எது பேசி முடியக்கூடியதோ அது. நம் வீடுகளில் பெரியவர்கள் எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு தாம்பூலம் மாற்றிக்கொள்வதைப் போன்றதாகவே இரு தலைவர்களின் சந்திப்பும் இருக்க வேண்டும். கென்னடியோ ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்று சொல்லிக்கொண்டு வியன்னாவுக்குப் போனார். முதல் நாளிலேயே முதலாளித்துவமா பொதுவுடைமையா என்ற வாதத்தில் சிக்கிக்கொண்டார். வாழ்நாள் முழுதும் அந்த வாதத்தைச் செய்தே மேலே வந்த ஒருவரிடம் அதில் வெல்ல முடியாது. தவறான கணிப்பால் போர் மூண்டுவிடலாம் என்று கென்னடி திரும்பத் திரும்பச் சொன்னபோது, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் தமக்குச் சொல்கிறார் என்று குருசேவ் சினந்தார். இரண்டாம் நாள், ஆண்டு முடிவதற்குள் கிழக்கு ஜெர்மனியுடன் தனி உடன்படிக்கை செய்துகொள்ளப் போவதாகவும், மேற்கு பெர்லினுக்குச் செல்லும் வழிகள் அதன்பின் கிழக்கு ஜெர்மனியின் பொறுப்பு என்றும் மிரட்டினார். லாவோஸைப் பற்றி இருவரும் ஒத்துக்கொண்ட ஓர் அறிக்கையைத் தவிர வேறு பலன் இல்லை.

இதே கென்னடி 1963இல் எப்படிச் செய்தார் என்று பாருங்கள். ஜூன் 10 அன்று அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், சோவியத் மக்கள் உலகப் போரில் பட்ட துன்பத்தை மதிப்போடு நினைவுகூர்ந்தார். பத்து நாள்களில் இரு தலைநகரங்களுக்கும் இடையில் அவசரத் தொடர்பு ஏற்படுத்தும் உடன்பாடு கையெழுத்தானது. (அது சிவப்புத் தொலைபேசி அன்று; எழுத்தில் செய்தி அனுப்பும் தொலையச்சு இணைப்பு. சினத்தில் பேசிவிடாமல் எழுதி அனுப்பும்படி அமைத்தது நல்ல முடிவு.) ஜூலையில் ஹாரிமன் மாஸ்கோ சென்று இரண்டு வாரங்களுக்குள் சோதனைத் தடை உடன்படிக்கையை முடித்துவந்தார். அதிபர் அங்கே போகவே இல்லை.


மறுமொழி 2 – பாலாற்றங்கரை

நொய்யல் அவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார். ஆயினும் அவருடைய முடிவை நான் முழுமையாக ஏற்கவில்லை. பெர்லின் சிக்கலைக் கென்னடி உருவாக்கவில்லை. மேற்கத்தியப் படைகள் மேற்கு பெர்லினை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆறு மாதக் கெடுவைக் குருசேவ் முதலில் விதித்தது 1958 நவம்பர் 27 அன்று, ஐசன்ஹோவர் காலத்தில். 1960 மே மாதத்தில் அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பாரிஸ் உச்சி மாநாடு குலைந்தபோது, அடுத்த அதிபர் வரும்வரை காத்திருக்கிறேன் என்று அவரே சொன்னார். ஆகவே அந்தக் கணக்கு யார் வந்தாலும் அவர் முன்னால் வைக்கப்பட்டிருக்கும். 1949 முதல் ஏறத்தாழ 27 லட்சம் பேர் கிழக்கு ஜெர்மனியை விட்டு வெளியேறியிருந்தார்கள். அவர்களில் மருத்துவர்களும் பொறியாளர்களும் ஏராளம். ஓர் அரசு தன் மக்களை இழந்துகொண்டே இருந்த நிலையில், தாம்ப்சன் இலையுதிர் காலம்வரை பேசிக்கொண்டிருக்கலாம் என்பதைக் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் உல்ப்ரிக்ட் ஏற்றிருக்க மாட்டார்.

நான் கென்னடியிடம் பாராட்டுவது வியன்னாவுக்குப் பின்னால் அவர் செய்ததை. வியன்னாவுக்குப் போகும் வழியில் பாரிஸில் பிரெஞ்சு அதிபர் டி கோல் அவரிடம் ஒன்றைச் சொல்லியிருந்தார்: இந்த ஆறு மாதக் கெடுவைக் குருசேவ் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறார், போர் வேண்டுமென்றால் எப்போதோ தொடங்கியிருப்பார் என்று. ஜூலை 25 உரையில் கென்னடி தரைப்படையை 8,75,000இலிருந்து சுமார் 10 லட்சமாக உயர்த்த அனுமதி கேட்டார். கூடுதலாக 325 கோடி டாலர் கேட்டார். அதே உரையில் எதற்காகப் போரிடுவோம் என்பதையும் வரையறுத்தார்: மேற்கு பெர்லினில் நேச நாட்டுப் படைகள் இருப்பது, அங்கே செல்லும் வழி, அந்நகர மக்களின் சுதந்திரம். பெர்லின் முழுவதற்கும் என்று அவர் சொல்லவில்லை. குருசேவ் அந்த எல்லையைப் படித்துக்கொண்டார். ஆகஸ்ட் 13 அன்று வேலி போடப்பட்டபோது அது எல்லைக்கு அப்பால் கிழக்குப் பக்கத்தில் எழுந்தது. மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலைகள் தொடப்படவில்லை. கென்னடி துணை அதிபர் ஜான்சனையும் 1,500 படைவீரர்களையும் அனுப்பினார், ஆனால் சுவரை இடிக்க அனுப்பவில்லை. அக்டோபர் 17 அன்று கட்சி மாநாட்டில் குருசேவ் தம் கெடுவைத் தாமே கைவிட்டார்.

இதில் மனம் அறுக்கும் ஒன்று இருக்கிறது. கென்னடி வரைந்த எல்லைக்கு வெளியே விடப்பட்டவர்கள் கிழக்கு பெர்லின் மக்கள். அவர்களுக்கு அடுத்த 28 ஆண்டுகள் அந்த எல்லைதான் வாழ்க்கை. ஆனாலும் ஓர் அதிபர் தாம் காக்க முடியாததைக் காப்பேன் என்று சொல்லி இரு தரப்பையும் ஏமாற்றுவதைவிட, காக்கக்கூடியதைத் துல்லியமாகச் சொல்வதே பொறுப்பானது என்று நான் கருதுகிறேன். முதலாண்டில் ஒருவர் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்; சந்திப்பு எப்போது என்பது இரண்டாவது.


மறுமொழி 3 – வைகை வாசகர்

இருவருக்கும் நன்றி. பெர்லினில் எதைக் காப்போம் என்று வரையறுத்தது வியன்னாவுக்குப் பிறகு வந்ததா, முன்பே வந்திருக்க முடியுமா என்பதை எங்கள் வட்டத்தில் தனியாகவே எடுக்கப் போகிறேன். கார்ட்டரைப் பற்றி எவரும் எழுதவில்லையே. எங்கள் உறுப்பினர் ஒருவர், மனித உரிமையைப் பேசியதால்தான் கார்ட்டர் தோற்றார், போட்டி வல்லரசோடு பழகும்போது அதன் உள்விவகாரத்தைத் தொடவே கூடாது என்று உறுதியாகச் சொல்கிறார். இது சரியா?


மறுமொழி 4 – வடமராட்சி வாசகி

அந்த உறுப்பினரின் கருத்தோடு நான் உடன்படவில்லை. மனித உரிமையைப் பேசியது கார்ட்டரின் பிழை அல்ல. ஜனாதிபதி ஒருவர் அதைப் பேசாமல் விடுவதை ஒரு நல்லொழுக்கமாக எடுத்துக்கொள்ள என்னால் இயலாது. சிறையில் இருப்பவனுக்கு வெளியிலிருந்து எழும் குரல் எத்தனை பெரிய ஆதரவு என்பதை அறிந்த சமூகத்திலிருந்து எழுதுகிறேன். மேலும், மனித உரிமைகளை மதிப்பதாக 1975 ஆகஸ்ட் 1 அன்று ஹெல்சிங்கி உடன்பாட்டில் கையெழுத்திட்டவர் பிரெஷ்னெவ்தான். கையெழுத்திட்டவரிடம் கையெழுத்தை நினைவூட்டுவது உள்விவகாரத்தில் தலையிடுவது ஆகாது.

ஆனால் நடந்த ஒழுங்கைக் கவனியுங்கள். 1977 பெப்ரவரி 5 அன்று கார்ட்டர் சோவியத் அரசை எதிர்த்துவந்த அறிவியலாளர் சகாரவுக்குக் கடிதம் எழுதினார். அது உலகம் முழுவதும் செய்தியானது. மார்ச் மாதத் தொடக்கத்தில், நாடு கடத்தப்பட்ட எதிர்ப்பாளர் புக்கோவ்ஸ்கியை வெள்ளை மாளிகையில் வரவேற்றார். அதே மாத இறுதியில் வான்ஸ் மாஸ்கோவில் இறங்கி, விளாடிவோஸ்டாக்கில் 1974 நவம்பரில் முந்தைய ஜனாதிபதி ஃபோர்டும் பிரெஷ்னெவும் ஒத்துக்கொண்டிருந்த வரம்பை ஒதுக்கிவைத்து, புதியதொரு திட்டத்தை மேசையில் வைத்தார். விளாடிவோஸ்டாக் வரம்பு ஒவ்வொரு தரப்புக்கும் 2,400 ஏவுகலங்கள் (நெடுந்தூர ஏவுகணைகளும் குண்டுவீச்சு விமானங்களும் சேர்த்து). புதிய திட்டம் அதை 1,800க்கும் 2,000க்கும் இடையில் கொண்டுவரச் சொன்னது, அதிலும் சோவியத் படையின் முதுகெலும்பாக இருந்த கனரக ஏவுகணைகள் மீதே வெட்டு அதிகமாக விழுந்தது. திட்டத்தின் சாரத்தைக் கார்ட்டர் முன்கூட்டியே பகிரங்கமாகப் பேசியும்விட்டார். விளாடிவோஸ்டாக் இணக்கத்துக்காகப் பிரெஷ்னெவ் தம் தளபதிகளோடு மல்லுக்கட்டியிருந்தவர். ஆட்சி மாறியதும் அமெரிக்கா அந்த இணக்கத்தைக் கைவிடுமென்றால், இனி எந்த அமெரிக்க ஜனாதிபதிக்காக அவர் தம் ஆட்களோடு முரண்படுவார்? சோவியத் வெளியுறவு அமைச்சர் கிரோமிகோ செய்தியாளர்களைக் கூட்டிச் சினத்தோடு மறுத்ததில் எனக்கு வியப்பில்லை. கடைசியில் 1979 ஜூன் 18 அன்று வியன்னாவில் கையெழுத்தான சால்ட்-2 ஆயுத வரம்பு உடன்படிக்கையின் வரம்பு 2,400. பின்னர் 2,250 ஆகக் குறைக்க ஏற்பாடு. விளாடிவோஸ்டாக்குக்கு வெகு அருகில்தான் வந்து நின்றார்கள். இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டது.

ஆகவே புதிய ஜனாதிபதிக்கு நான் சொல்லும் முதல் சொல், முந்தையவர் வாங்கிவைத்த இணக்கம் பிடிக்காவிட்டாலும் அதிலிருந்தே தொடங்குங்கள் என்பதாகும். முதலில் விளாடிவோஸ்டாக் வரம்பைக் கையெழுத்தாக்கிவிட்டு, ஆழமான குறைப்பை அடுத்த கட்டமாகக் கேட்டிருக்கலாம்.

மனித உரிமைக்குத் திரும்புகிறேன். 1978 ஜூன் முதல் பெந்தகொஸ்தே சமயத்தைச் சேர்ந்த ஏழு பேர் மாஸ்கோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குள் அடைக்கலம் புகுந்து, வெளியே வர அஞ்சி அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1983 பெப்ரவரி 15 அன்று வெளியுறவு அமைச்சர் ஷுல்ட்ஸ், சோவியத் தூதுவர் டொப்ரினினை அமைதியாக வெள்ளை மாளிகைக்கு அழைத்து வந்தார். அன்றைய ஜனாதிபதி ரேகன் அவரிடம் அந்தக் குடும்பங்களைப் பற்றி வலியுறுத்தினார். அவர்களை அனுப்பிவைத்தால் அதை வைத்து வெற்றி முழக்கம் செய்ய மாட்டோம் என்றும் உறுதியளித்தார். அவ்வாண்டுக் கோடைக்குள் அவர்கள் நாட்டை விட்டுப் போக அனுமதிக்கப்பட்டார்கள். ரேகனும் தம் சொல்லைக் காத்தார். டொப்ரினினைச் சந்தித்த அடுத்த மாதமே சோவியத் யூனியனைத் தீய சாம்ராச்சியம் என்று பகிரங்கமாகச் சாடியவரும் அதே ரேகன்தான் என்பதை மறக்க வேண்டாம். மேடையில் கடுமையாகப் பேசுவதும் மனிதரின் விடுதலையை மறைவாகக் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஏழு பேரின் விடுதலைக்கு வரலாற்று நூல்கள் ஒரு பத்தியைத்தான் ஒதுக்குகின்றன. ஆனால் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கைக் காப்பார்கள் என்று இரு தரப்பும் கண்டுகொண்ட முதல் தருணங்களில் அதுவும் ஒன்று.


மறுமொழி 5 – தாமிரபரணி

புஷ்ஷின் காத்திருப்பைப் பற்றிச் சுருக்கமாக. அந்த மறுஆய்வின் எழுத்து வடிவம் பெரிதாக எதையும் தரவில்லை. அதை அவருடைய ஆட்களே பின்னாளில் சொன்னார்கள். 1988 டிசம்பர் 7 அன்று கோர்பச்சேவ் ஐ.நா. அவையில் 5 லட்சம் படையினரையும் 10,000 டாங்கிகளையும் குறைப்பதாகத் தாமாகவே அறிவித்திருந்த நிலையில், ஐந்து மாதங்கள் பதில் இல்லாமல் விட்டது கோர்பச்சேவை உள்ளூரில் பலவீனப்படுத்தியது என்றே எண்ணுகிறேன். மாஸ்கோவிலிருந்த தூதர் ஜாக் மாட்லாக்கும் இந்தத் தாமதத்தைக் குறை கூறினார். ஆகவே புஷ் பொறுத்திருந்து வென்றார் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

அவர் நன்றாகச் செய்தது வேறு. மே மாத இறுதியில் நேட்டோ மாநாட்டில், ஐரோப்பாவில் நிறுத்தப்படும் அமெரிக்கப் படையும் சோவியத் படையும் தலா 2,75,000க்கு மேல் இருக்கக் கூடாது என்ற திட்டத்தை முன்வைத்து, குறுந்தூர அணு ஏவுகணைகள் பற்றி மேற்கு ஜெர்மனியோடு இருந்த பிணக்கையும் தீர்த்துக்கொண்டார். போட்டியாளரோடு அமர்வதற்கு முன் நண்பர்களோடு அமர்ந்தார். ஜூலையில் போலந்துக்கும் ஹங்கேரிக்கும் சென்று, அங்கே மாற்றத்தை விரும்பியவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நேரில் கேட்டார். அதன் பின்னரே கோர்பச்சேவுக்குக் கடிதம் எழுதிச் சந்திப்பு கோரினார். செப்டம்பரில் வயோமிங்கில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களான பேக்கரும் ஷெவர்ட்நாட்சேவும் ஆயுதக் குறைப்பின் பெரிய முடிச்சுகள் சிலவற்றை அவிழ்த்தார்கள். டிசம்பரில் மால்டாவில் இரு தலைவர்களும் சந்தித்தபோது பேசுவதற்கு உண்மையான பொருள்கள் இருந்தன. நொய்யல் அவர்கள் சொன்ன ஒழுங்கு இதுதான். ஆனால் ஐந்து மாத மௌனம் இல்லாமலும் இதைச் செய்திருக்கலாம்.

மறைமுகத் தூது பற்றியும் ஒரு சொல். கென்னடியின் தம்பி இராபர்ட் கென்னடி 1961 மே முதல் சோவியத் உளவு அதிகாரி போல்ஷகோவ் வழியாகக் குருசேவோடு தொடர்பு வைத்திருந்தார். அக்டோபரில் பெர்லினில் டாங்கிகள் நேருக்கு நேர் நின்றபோது அது பயன்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டு கியூபாவில் தற்காப்பு ஆயுதங்கள் மட்டுமே இருப்பதாகப் பொய்ச் செய்தி வந்ததும் அதே வழியில்தான். நிக்சன் காலத்தில் அவருடைய ஆலோசகர் கிசிஞ்சரும் சோவியத் தூதர் டொப்ரினினும் பேசியது அமெரிக்கப் பேச்சுவார்த்தைக் குழுவுக்கே தெரியாமல் இருந்தது. தனிப்பட்ட தூது ஒன்று இருக்கட்டும், ஆனால் அதில் பேசப்படுவதை வெளியுறவு அமைச்சர் அறிந்திருக்க வேண்டும்.


மறுமொழி 6 – வைகை வாசகர்

மிக்க நன்றி. இறுதியாக ஒன்று. உடன்படிக்கைக்குச் செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அப்படியானால் புதிய அதிபர் முதலில் செனட் சபையைச் சமாதானப்படுத்துவதா, போட்டி வல்லரசையா?


மறுமொழி 7 – நொய்யல்

இந்தக் கேள்விக்குக் கார்ட்டரிடமே பதில் இருக்கிறது. மார்ச் மாதத் திட்டத்தின் பின்னால் செனட்டர் ஹென்றி ஜாக்சனின் அழுத்தம் இருந்தது. பிப்ரவரியில் அவர் கார்ட்டருக்கு 23 பக்கக் குறிப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். ஆயுதப் பேச்சுவார்த்தைக் குழுவின் தலைவராகப் பால் வார்ன்கியை நியமித்தபோது செனட் சபையில் 58 பேர் ஆதரித்தார்கள், 40 பேர் எதிர்த்தார்கள். உடன்படிக்கையைத் தோற்கடிக்க 34 பேர் போதும் என்பதால் கார்ட்டர் அஞ்சியதில் நியாயம் உண்டு. ஆனால் ஜாக்சனுக்குப் பிடித்ததை மாஸ்கோவுக்கு எடுத்துச் சென்று, இரண்டு இடங்களிலும் இழந்தார். சால்ட்-2 கையெழுத்தானபோது செனட் சபையின் மனநிலை மேலும் கெட்டிருந்தது. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்த பிறகு, 1980 ஜனவரி தொடக்கத்தில் வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கும்படி அவரே கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

1963இல் கென்னடி வரிசையை மாற்றினார். மாஸ்கோவில் கிடைக்கக்கூடியது எது என்று முதலில் அறிந்தார்: நிலத்தடிச் சோதனையை விட்டுவிட்டு, வளிமண்டலத்திலும் கடலிலும் விண்வெளியிலும் மட்டும் தடை. அதைக் கையில் வைத்துக்கொண்டு முப்படைத் தளபதிகளிடம் போனார். நிலத்தடிச் சோதனைகளைத் தீவிரமாகத் தொடர்வது, ஆய்வுக்கூடங்களைக் குறையாமல் நடத்துவது போன்ற உறுதிகளை அளித்து அவர்களின் ஒப்புதலைப் பெற்றார். செப்டம்பர் 24 அன்று செனட் சபை 80க்கு 19 என்ற கணக்கில் ஏற்றது. அந்த உறுதிகள் சிறிய விலை அல்ல. நிலத்தடியில் சோதனைகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன, ஆயுதப் போட்டியும் நிற்கவில்லை. ஆயினும் குழந்தைகள் குடிக்கும் பாலில் கதிரியக்க ஸ்ட்ரான்சியம் சேர்வது குறைந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் அதன் பிறகு வளிமண்டலத்தில் ஒரு குண்டையும் வெடிக்கவில்லை. அந்த விலையைக் கொடுத்தது சரி என்றே நான் எண்ணுகிறேன்.